விதையில் தொடங்கும் துணி: இயற்கை வேளாண்மை, நூல், கைவேலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பருத்திச் செடிகளை நானே வளர்த்து, அந்தப் பஞ்சைக் கையால் சுழற்றி நூற்கும் சிறு கருவியான தக்களியில் நூற்று, சின்னஞ்சிறு சட்டத்தில் ஒரு கைக்குட்டை நெய்து முடித்த பிறகு, அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். அவற்றுக்குச் சொன்ன விடைகளைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இயற்கை வேளாண்மைக்கும் நாம் உடுத்தும் துணிக்கும் என்ன தொடர்பு?

உண்ணும் பொருள் எந்த மண்ணில் விளைந்தது, என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்று விசாரிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. நாள் முழுவதும் தோலோடு ஒட்டியிருக்கும் துணியைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பருத்தி ஒரு பயிர். ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் லினனும், சணலும் பயிர்கள். ஆட்டு உரோமம் புல்வெளியிலிருந்து வருகிறது. பட்டு முசுக்கொட்டை இலையிலிருந்து வருகிறது. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருகிறது. இவை எல்லாம் மண்ணைக் கேட்டு வாங்கியவை. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதால், துணிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நம் கண்ணிலிருந்து இன்னும் மறைந்துவிட்டது.

பருத்தியில் மற்றொன்றும் உண்டு. பறித்த பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி பெரும்பாலும் கொட்டை. அந்தக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். பிண்ணாக்கு கால்நடைக்குப் போகிறது. ஆகவே பருத்தி வயலில் தெளிப்பது துணியோடு நின்றுவிடுவதில்லை.

‘ஆர்கானிக் பருத்தி’ என்றால் சரியாக என்ன?

செயற்கைப் பூச்சிக்கொல்லி, செயற்கை உரம், மரபணு மாற்றிய விதை ஆகிய மூன்றும் இல்லாமல், முறையான கண்காணிப்புக்கு உட்பட்டு விளைவித்த பருத்தி என்று பொருள். தெளிப்பதை இன்று நிறுத்திவிட்டு நாளை ஆர்கானிக் என்று விற்க முடியாது. நிலம் மாறுவதற்கென்று ஓர் இடைக்காலம் விதிக்கப்படுகிறது. விதிமுறையைப் பொறுத்து அது 2 அல்லது 3 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் உழவர் ஆர்கானிக் முறையில் பயிரிட்டாலும் ஆர்கானிக் விலை கிடைக்காது. விளைச்சலும் சற்றுக் குறையக்கூடும். இந்த முறைக்கு மாற விரும்பும் பலர் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். வாங்குகிறவர்கள் இடைக்காலப் பருத்தியையும் ஏற்றுக்கொண்டால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும் என்பது என் கருத்து.

‘செய்யாதே’ என்ற பட்டியல் மட்டும் இயற்கை வேளாண்மை ஆகிவிடாது. பருத்தியை ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் போடாமல் பயறு வகையோடு மாற்றிப் பயிரிடுவது, ஓரத்தில் ஆமணக்கையோ செண்டுமல்லியையோ நட்டுப் புழுக்களை அங்கே இழுப்பது, பொறிவண்டுகள் தங்குமாறு நிலத்தைப் பன்மையாக வைத்திருப்பது ஆகியவைதான் அந்த முறையின் உடல்.

ஆர்கானிக் என்று முத்திரை இருந்தால் அந்தத் துணி முழுவதும் நல்லது என்று நம்பலாமா?

நம்புவதற்கு முன் முத்திரை எதைப் பற்றிப் பேசுகிறது என்று படித்துப் பாருங்கள். பஞ்சு ஆர்கானிக் என்பது வயலோடு முடிகிற செய்தி. அதன் பிறகு அந்தப் பஞ்சு நூலாகி, கஞ்சி போடப்பட்டு, நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, சாயமேற்றப்பட்டு, சுருங்காமலும் கசங்காமலும் இருக்கப் பலவித மெருகேற்றல்களைக் கடந்து வருகிறது. சாயக் கழிவை ஆற்றில் விடும் ஆலையிலும் ஆர்கானிக் பஞ்சு சாயமேறலாம்.

ஜிஓடிஎஸ் எனப்படும் உலகளாவிய ஆர்கானிக் துணித் தரநிலை, வயலில் ஆர்கானிக் என்று சான்று பெற்ற இழையிலிருந்து தைத்த ஆடை வரை உள்ள படிகளைக் கணக்கில் கொள்கிறது. சாயப் பொருள், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. அதில் இரண்டு நிலைகள்: 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆர்கானிக் இழை இருந்தால் ‘ஆர்கானிக்’ என்றும், 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் ‘ஆர்கானிக் இழை கலந்து செய்தது’ என்றும் குறிப்பிடலாம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற மற்றொரு முத்திரை 1992 முதல் இருக்கிறது. முடிந்த துணியில் உடலுக்குக் கேடான பொருள்கள் வரம்பு மீறி இருக்கின்றனவா என்று அது சோதிக்கிறது. பயனுள்ள சோதனைதான், ஆனால் அந்தப் பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது பரவலான பிழை.

ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்கிறார்களே?

அந்த எண் ஒரு சராசரி. மழையை மட்டும் நம்பி விளையும் பருத்திக்கும், ஆற்றை வெட்டித் திருப்பிப் பாய்ச்சும் பருத்திக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் இரண்டுக்கும் நியாயமில்லை. எவ்வளவு என்பதைவிட, எங்கிருந்து எடுத்தது என்பதுதான் கேட்க வேண்டியது. நடு ஆசியாவின் ஆரல் கடலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளை 1960-களிலிருந்து பெருமளவில் பருத்தி முதலிய பாசனப் பயிர்களுக்குத் திருப்பியதால், உலகின் மிகப் பெரிய உள்நாட்டு நீர்நிலைகளுள் ஒன்று சுருங்கி உப்புப் பாலையாயிற்று. பருத்திச் செடி வறட்சியை ஓரளவு தாங்கும். ஆழமாக ஆணிவேர் விடும். அந்த இயல்புக்கு ஏற்ற இடத்தில், மட்கு நிறைந்த மண்ணில் அதை வளர்த்தால் கதை வேறு.

வீட்டில் பருத்தி வளர்க்க முடியுமா?

முடியும். நாளில் பெரும்பகுதி வெயில் படும் இடமும், 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியும், வெதுவெதுப்பான மண்ணும் வேண்டும். குளிர்ந்த மண்ணில் விதை முளைக்காமல் அழுகிவிடும். பருத்தி பெருமளவில் பயிராகும் சில பகுதிகளில், காய்களைத் தாக்கும் வண்டு பரவாமலிருக்க வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் சப்பை எனப்படும் மொட்டு விரிந்து பூவாகிறது. வீட்டில் வளர்ப்பவர்கள் தவறவிடக் கூடாத காட்சி அது. உலகில் மிகுதியாகப் பயிராகும் பருத்தி வகையில், காலையில் விரியும்போது பூ வெண்ணெய் நிறம்; மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகிச் சுருங்கி உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் பச்சைக் காய் தெரியும். பூ விரியும் நாளையொட்டியே உள்ளே விதைத் தோலின் மேல் இழைகள் முளைக்கத் தொடங்குகின்றன. ஒவ்வோர் இழையும் ஒரே உயிரணு. முதல் இருபது நாள் அது நீள்கிறது. பிறகு உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து உறுதிப்படுகிறது. காய் வெடித்துக் காய்ந்ததும் அந்த நுண்குழாய் தட்டையாகி, நாடாபோல் தானே முறுக்கிக்கொள்கிறது. நூற்கும்போது இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு இந்த முறுக்கு பெரிதும் உதவுகிறது. செடி பாதி வேலையை முன்பே செய்துவைத்திருக்கிறது.

உரத்துக்கு மட்கும் மண்புழு உரமும் போதும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி இலையாகத் தழைத்துக் காயில் குறை வைக்கும். சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் உடனே எதையும் தெளிக்க வேண்டாம் என்பது நான் தாமதமாகக் கற்றது. முதல் ஆண்டு பதற்றத்தில் சோப்புக் கரைசல் தெளித்து, அசுவினியைத் தின்ன வந்திருந்த பொறிவண்டுப் புழுக்களையும் சேர்த்து அழித்தேன். அடுத்த ஆண்டு பத்து நாள் பொறுத்திருந்தேன். பொறிவண்டுகளே பெருகி, கொழுந்தைச் சுத்தம் செய்தன. அளவு மீறினால் 5 விழுக்காட்டு வேப்பங்கொட்டைச் சாறு இருக்கிறது. அதையும் மாலையில், தேவையான செடிக்கு மட்டும் தெளிக்க வேண்டும்.

ஒரு துணிக்கு எத்தனை செடி வேண்டும்?

30 சென்டிமீட்டர் சதுரக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 12 இழை என்று நெடுக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் வைத்தால் ஏறத்தாழ 220 மீட்டர் நூல் ஆகிறது. நூலின் நம்பர் கூடக் கூட அது மெல்லியது; 10-ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு 17 மீட்டர் நீளம். ஆகவே 13 கிராம். சேதத்தையும் சேர்த்து 16 கிராம் பஞ்சு, அதாவது கொட்டையோடு 48 கிராம் பருத்தி. ஒரு காயில் 4 கிராம் தேறும் என்றால் 12 காய். செழிப்பான ஒரு செடி போதும். தொட்டியில் வளர்ந்தது என்றால் இரண்டு.

200 கிராம் எடையுள்ள சட்டைக்கு அதே கணக்கில் 190 காய் அளவுக்கு வருகிறது. 15 முதல் 20 செடி. அதை 40-ஆம் நம்பர் நூலில் நெய்திருந்தால் அந்த ஒரு சட்டைக்குள் 13 கிலோமீட்டருக்கு மேல் நூல் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, மூன்று முறை துவைத்ததும் தூக்கிப்போடும்படி தைத்து விற்கும் ஆடையை என்னால் மலிவு என்று எண்ண முடியவில்லை.

கொட்டையை எடுப்பதும் நூற்பதும் கடினமா?

கொட்டை எடுக்க வழவழப்பான பலகையும் விரல் கனமுள்ள இரும்புக் குச்சியும் போதும். சுளையைப் பலகையில் வைத்து ஓரத்தில் குச்சியை உருட்டினால் பஞ்சு முன்னால் போகும், கொட்டை பின்னால் தங்கிவிடும். பிறகு பஞ்சை விரலால் பிரித்துத் தளர்த்தி, இழைகள் ஓரளவு ஒரே பக்கம் படியுமாறு பட்டை போட்டு, பென்சில் கனத்தில் சுருட்டிவைக்க வேண்டும். இந்தத் தளர்த்தலில் அவசரப்பட்டால் நூற்கும்போது முடிச்சு முடிச்சாக வரும்.

நூற்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தக்களியின் அடிமுனையைக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றிவிட்டு, பஞ்சுச் சுருளை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்குத்தான் முதலில் ஓடும். அந்த இடம் இறுகிவிடும். கனமான இடம் முறுக்கு ஏறாமல் தளர்வாக நிற்கும். இப்போது மிக மென்மையாக இழுத்தால், இறுகிய இடம் அசையாது. தளர்ந்த கனமான இடம் மட்டும் நீண்டு மெலியும். மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் ஓடும். நூல் இப்படித் தன்னைத் தானே சமன்செய்துகொள்கிறது. நாம் செய்ய வேண்டியது, எவ்வளவு இழுத்தால் மெலியும், எவ்வளவு இழுத்தால் அறும் என்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உணர்ந்துகொண்டிருப்பதுதான். இதைச் சொல்லால் கற்பிக்க முடிவதில்லை. எனக்கு முதல் வாரம் முழுவதும் அறுந்துகொண்டே இருந்தது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு முழ நீளம் அறாமல் வந்தது.

தறி இல்லாமல் நெய்யலாமா?

நெய்யலாம். மரச்சட்டத்தின் இரு முனையிலும் ஆணி அடித்தோ, கெட்டி அட்டையின் ஓரங்களில் பிளவு வெட்டியோ பாவை இழுத்துக் கட்டி, கனத்த ஊசியால் ஊடையை ஓட்டினால் துணிதான். கையால் நூற்ற ஒற்றை நூலைப் பாவாகப் போடுவதென்றால் முன்பே மெல்லிய கஞ்சி போட்டு உலர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உரசலில் சிலும்பி அறும்.

இயற்கைச் சாயம் என்றாலே தீங்கற்றதா?

அப்படி இல்லை. இந்த ஒன்றில் மட்டும் ‘இயற்கை’ என்ற சொல் நம்மை எளிதில் ஏமாற்றிவிடுகிறது. 1856-இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயங்களுள் ஒன்றைக் கண்டறிவதற்கு முன் உலகம் முழுவதும் ஏறக்குறைய எல்லாத் துணிக்கும் செடி, பூச்சி, கனிமங்களிலிருந்தே நிறமேற்றினார்கள். அவர்கள் பயன்படுத்திய நிறமூன்றிகள் அனைத்தும் மாசற்றவை அல்ல. சாயத்தைத் துணியோடு பிணைப்பதற்கு உதவும் உலோக உப்பைத்தான் நிறமூன்றி என்கிறோம். குரோமியம், வெள்ளீயம், செம்பு உப்புகள் நல்ல நிறம் தரும். ஆனால் வீட்டில் பயன்படுத்தி அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுவது தவறு. படிகாரத்தோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை. மிகக் குறைந்த அளவில் இரும்பையும் சேர்க்கலாம்; அது நிறத்தைக் கருமையாக்கும், அளவு மீறினால் இழையையே நலிவிக்கும்.

பருத்திக்கு நிறம் எளிதில் ஒட்டாது. உரோமத்துக்கும் பட்டுக்கும் ஒட்டுவதுபோல் என்று எண்ணிச் செய்து பலர் மனம் தளர்கிறார்கள். முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட வேண்டும். வெள்ளையாகத் தெரியும் துணியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கும். அது பஞ்சின் மெழுகும் பிசினும். பிறகு துவர்ப்புப் பொருளில் ஊறவைக்க வேண்டும். 100 கிராம் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூள் கணக்கு. அதன் மேல் 15 கிராம் படிகாரம். அதற்குப் பிறகுதான் சாயம். மஞ்சிட்டி வேரின் சிவப்பு நெடுநாள் நிற்கும். மஞ்சள்தூளின் நிறம் கண்ணைப் பறிக்கும், வெயிலில் விரைவில் போய்விடும். எந்த நிறமானாலும் ஒரு துண்டுத் துணியின் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் சன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய துணியில் இறங்குங்கள்.

அவுரியைக் கொதிக்கவைத்தால் ஏன் துணியில் ஏறுவதில்லை?

அவுரிச் செடி தரும் நீலச் சாயம் தண்ணீரில் கரையாது என்பதுதான் காரணம். காரத்தன்மையுள்ள தொட்டியில் அதன் ஆக்சிஜன் பிணைப்பை மாற்றும் ஒரு பொருளைச் சேர்த்தால்தான் கரையும் வடிவத்துக்கு வரும். அவுரி நீலம் 1 பங்கு, நீறிய சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை 3 பங்கு என்று வெந்நீரில் கலந்து வைக்கும் எளிய தொட்டி ஒன்று உண்டு. சுண்ணாம்பு கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டி தயாரானதும் மேலே செம்பு நிறப் படலமும் கீழே மஞ்சள் கலந்த பச்சை நீரும் தெரியும். அதில் முக்கிய துணியை வெளியே எடுத்தால் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் மடிப்பின் விளிம்பிலிருந்து நீலம் ஊறிப் பரவும். ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் நான் கையை அசைக்காமல் நின்றுவிடுவேன்.

ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரிச் சாகுபடி வேகமாகச் சரிந்தது. ஆனால் அவுரி பயறுக் குடும்பச் செடி. வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், சாயம் எடுத்த பின் எஞ்சும் இலைத்தழை நல்ல உரமாகும். பயிர்ச் சுழற்சியும் நிறமும் ஒரே செடியில் சேர்வது இயற்கை வேளாண்மை செய்பவருக்கு மிகவும் பொருந்திவரும்.

இப்படி ‘மனம் ஒன்றிய கைவேலை’ செய்வது மன அமைதிக்கான பயிற்சியா?

சிலருக்கு அமைதி கிடைக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமைதியை எதிர்பார்த்துத் தக்களியை எடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே எரிச்சலடைந்து வைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். நான் சொல்லும் ஒன்றுதல், பொருளின் மேல் வைக்கும் கவனம். ஈரமான நாளில் பஞ்சு வேறுவிதமாக இழுபடுகிறது. கடைசியாக வெடித்த காயின் இழை சற்று வலுக்குறைவாக இருக்கிறது. அந்தக் காய் வெடித்த வாரம் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் நடந்தது விரலில் தெரிகிற அந்தக் கணத்தில்தான் வேளாண்மை, துணி, கைவேலை மூன்றும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அதற்குக் கைப்பேசியைத் தூர வைக்க வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, தோளும் மணிக்கட்டும் வலித்தால் நிறுத்த வேண்டும்.

எல்லோரும் கையால் நெய்துகொண்டால் ஆடைத் தொழிலின் சிக்கல் தீருமா?

தீராது. மேலே ஒரு சட்டைக்குப் போட்ட கணக்கே அதற்கு விடை. ஒருமுறை செய்து பார்த்தவர் வாங்கும்போது கேட்கும் கேள்விகள் மாறும். வாங்கும் எண்ணிக்கையும் குறையும். அந்த அளவுக்குத்தான் நான் உறுதி சொல்ல முடியும்.

இருக்கும் பாலியஸ்டர் உடைகளை விட்டொழிக்க வேண்டுமா?

வேண்டாம். செய்து முடித்த துணியை வீணாக்குவது எந்தக் கணக்கிலும் நன்மை இல்லை. கிழிசலை இழையோட்டித் தைத்து முடிந்தவரை உடுத்துங்கள். துவைக்கும்போது நுண்ணிழை உதிர்வதால், நிறையத் துணியைச் சேர்த்து, குளிர்ந்த நீரில், தேவைப்படும்போது மட்டும் துவைப்பது நல்லது.

பழைய பருத்தித் துணியை மண்ணில் மட்கவைக்கலாமா?

நூறு விழுக்காடு பருத்தி என்றால் மட்கவைக்கலாம். ஐயம் இருந்தால் ஓரத்து இழை ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல் மணந்து மென்சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். துணி பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ஆகவே தையல் ஓரம், எலாஸ்டிக், பொத்தான், அச்சிட்ட படம் எல்லாவற்றையும் வெட்டி நீக்கிவிட்டு, சிறு துண்டுகளாக்கி ஈரமான தழையோடு கலந்து போட வேண்டும்.

உழவர்கள் செய்யும் ஒரு சோதனையை இதோடு சேர்த்துச் செய்து பாருங்கள். வெள்ளைப் பருத்தி உள்ளாடை ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டி எடுப்பார்கள். மண்ணில் உயிர் நிறைந்திருந்தால் இடுப்புப் பட்டையின் எலாஸ்டிக்கும் தையலும் மட்டும் மிஞ்சும். மண் உயிரற்றுக் கிடந்தால் துணி கறையோடு முழுதாக வரும்.

எஞ்சிய கொட்டையை என்ன செய்வது?

ஒரு காயில் 25 முதல் 35 விதை வரை இருப்பதால், ஒரு கைக்குட்டை முடியும்போது உங்களிடம் முன்னூறு விதை சேர்ந்திருக்கும். பச்சைக் கொட்டையில் காஸிபால் என்ற நச்சுப் பொருள் உண்டு. கோழிக்கும் வீட்டு விலங்குகளுக்கும் போட வேண்டாம். முதலில் வெடித்த, நன்கு விளைந்த காய்களின் விதையைத் தனியே பிரித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் நாளும் வகையும் எழுதி, ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள். அருகருகே இரண்டு வகை வளர்த்திருந்தால் தேனீக்களால் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பதையும் உறையின் மேல் குறித்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் விதைக்குமுன் கொட்டையின் மேலுள்ள குறும்பஞ்சு நீரை விலக்காமலிருக்க, ஈர மண்ணில் புரட்டி, ஓர் இரவு ஈரத்துணியில் கட்டிவைத்து நட்டால் சீராக முளைக்கும்.